மாதிரிப் பாப்பாவின் பதினோரு அறிகுறிகள்

எங்கள் மாலை வகுப்பில் குழந்தைகளைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்தார்கள். திங்கள், வியாழன், ஆறு மணி முதல் எட்டு மணி வரை. மொத்தம் இருபத்து நான்கு வகுப்புகள். முடிவில் தேர்வு, சான்றிதழ், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. வில்லையில் ஒரு கண் வரைந்திருக்கும். அந்தக் கண்ணுக்கு இமை கிடையாது. நாம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம் என்பதற்கு அது அடையாளம் என்று முதல் நாளே விளக்கினார்கள். பார்த்துக்கொண்டிருப்பதைப் பொறுத்தவரை நாங்கள் வாக்குத் தவறவில்லை.

பகலில் நான் ஒரு செருப்புக் கடையில், குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாதம் அளக்கும் பலகையை ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது தரையில் வைத்து எடுப்பேன். எதையும் இரண்டு தடவை அளப்பது என் வழக்கம்; முதல் தடவை அளந்தது சரிதானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். குழந்தைகள் பிரிவில் அப்படியொரு சான்றிதழ் மாட்டியிருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று முதலாளி சொன்னதால் வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கம் பாடம், வலது பக்கம் நான் கவனித்தது என்று பிரித்துக்கொண்டேன். இதை அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தேதிகளில் பிழை இருக்காது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

வகுப்பு நடந்தது ஒரு தொடக்கப் பள்ளியின் மாடியில். பகலில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் நாங்கள் இருபத்திரண்டு பெரியவர்கள் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்திருப்போம். பாடம் நடத்தியவருக்கு அறிகுறி சார் என்று பெயர் வைத்திருந்தோம். கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான குழந்தையைக் கண்டுகொள்ளப் பதின்மூன்று அறிகுறிகள் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பார்.

"நாலு?" என்பார்.

"கை ஓங்காமலே ஒடுங்குறது!" என்போம்.

"ஏழு?"

"ஓயாத பசி!"

"ஒன்பது?"

"அளவு பொருந்தாத உடை, காலணி!"

முதல் வகுப்பில், "கண்டுபிடிச்ச அப்புறம் என்ன சார் செய்யணும்?" என்று என் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அவர்.

அறிகுறி சார் சிரித்தார். "அது அடுத்த நிலைப் படிப்பு. இது அடையாளம் காணுற நிலை. ஏன் சார், நீங்க டிக்கெட் கிழிக்கக் கத்துக்கிட்ட அன்னிக்கே ஸ்டியரிங்கைப் பிடிச்சீங்களா?"

"இல்ல சார்," என்று கண்டக்டர் உட்கார்ந்துவிட்டார். 'அடுத்த நிலை' என்று எழுதி அடிக்கோடிட்டேன். நல்ல உவமை என்று ஓரத்தில் குறித்தும் இருக்கிறேன்.

அன்றே இன்னொரு செய்தியும் சொன்னார். "இந்த வருஷத்துலேர்ந்து செயல்முறைப் பயிற்சி உண்டு. தலைமை அலுவலகத்துலேர்ந்து மாதிரி ஒண்ணு அனுப்புறாங்க. அதைப் பார்த்து எல்லாரும் ஒவ்வொரு வகுப்பும் குறிப்பு எழுதணும். நாப்பது மார்க்."

இரண்டாம் வகுப்புக்குப் போனபோது, வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது இருக்கும். நீல நிறப் பள்ளிச் சீருடை. மடியில் பை. பையின் மேல் இரண்டு கைகள். அறிகுறி சார் வாசலில் நின்று அவளைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சே! சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துடுச்சே! என் சர்வீஸ்ல தலைமை அலுவலகம் இப்படி ஒரு காரியம் பண்ணி நான் பார்த்ததில்ல."

"நிஜப் புள்ளையவே அனுப்பிட்டாங்களா!" என்று கண்டக்டர் என் காதில் சொன்னார். "அரசாங்கம்னா சும்மாவா?"

கேட்க வாயெடுத்தேன். சந்தேகங்களை வகுப்பின் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பது விதி. கடைசியில் மணி அடித்துவிட்டது. கேட்க வேண்டியதை 'அடுத்த வகுப்பு' என்று எழுதிவைத்தேன். அடுத்த வகுப்பில் எல்லோரும் வரிசையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொரு பேர் சந்தேகப்படாத ஒன்றை நான் சந்தேகப்படுகிறேன் என்றால் தப்பு என்னிடம்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

மாதிரியைக் கையாளும் விதிகளை அறிகுறி சார் படித்துக் காட்டினார். மாதிரியைத் தொடக் கூடாது. உணவு கொடுக்கக் கூடாது. தோற்றத்தை மாற்றும் எதையும் செய்யக் கூடாது. பின்னால் பார்ப்பவர்களுக்கும் அறிகுறிகள் அப்படியே கிடைக்க வேண்டும் அல்லவா? கடைசியாக, மாதிரியின் பெயரைக் கேட்கக் கூடாது. "குழந்தையோட அந்தரங்கம்னு ஒண்ணு இருக்கு. அதை நாம மதிக்கணும்," என்றார். அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பில் எல்லோரும் அவளை மாதிரிப் பாப்பா என்று அழைத்தோம். நோட்டில் 'மாதிரி' என்று மட்டும் எழுதினேன், சுருக்கம்.

என் முறை வந்தபோது பெஞ்சுக்கு எதிரே ஒரு குட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஏற்கெனவே பதினான்கு பேர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"எழுதி முடிச்சாச்சா அக்கா?"

"இன்னும் இல்லம்மா. கொஞ்ச நேரம்."

"சரி," என்றாள். காத்திருந்து பழகியவர்களின் சரி அது. வலது பக்கத்தில் எழுதினேன்: 'மாதிரி நன்றாக ஒத்துழைக்கிறது. பயிற்சி எப்போது முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறது.'

ஐந்தாம் வகுப்புக்குக் கடையிலிருந்து பாதம் அளக்கும் பலகையைக் கொண்டுபோனேன். என் தொழில் தெரிந்த ஒரு விஷயத்திலாவது மற்றவர்களைவிடச் சரியாக எழுதலாம் என்ற ஆசை. கை படாமல் பலகையைத் தரையில் வைத்தேன். அவளே காலணியைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். நூற்று எண்பத்தாறு மில்லிமீட்டர். மறுபடி அளந்தேன். அதேதான். காலணியின் உட்புறம் நூற்று எழுபது. விரல்கள் உள்ளே மடங்கி மடங்கி அப்படியே நின்றுவிட்டிருந்தன. இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்திருந்தன.

"வலிக்குதா?" என்று கேட்டேன். வலியைப் பற்றிக் கேட்க விதியில் தடை இல்லை.

"நடந்தா மட்டும்தான்," என்றாள்.

அறிகுறி சார் என் குறிப்பை வகுப்பு முழுக்கச் சத்தமாகப் படித்தார். "பாருங்க! ஒன்பதாவது அறிகுறியை மில்லிமீட்டர்ல எழுதியிருக்காங்க! இதுதான் அர்ப்பணிப்பு!" எல்லோரும் கைதட்டினார்கள். பத்துக்குப் பத்து. தாழ்வாரத்துக்கும் கேட்டிருக்கும்.

அன்றிரவு எனக்கு மனசு சரியாக இல்லை. அந்த நகங்கள். மறுநாள் கடையில் அவள் அளவுக்கு ஒரு ஜோடி எடுத்தேன். கறுப்பு, மேலே ஒரு பட்டை, முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் விட்டு. ஆறாம் வகுப்புக்குப் பையில் வைத்துக்கொண்டு போய், பெஞ்சின் முன் உட்கார்ந்து பெட்டியின் மூடியைத் திறந்தேன். அவள் காலணிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் பழையதைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு காலைக் கழற்றியும் விட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?" அறிகுறி சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம், அவர் என்மேல் வருத்தப்பட்டார். "நீங்க நல்லா வருவீங்கன்னு நெனச்சேன். இன்னும் எட்டுப் பேர் ஒன்பதாவது அறிகுறி எழுதலை. இதை மாட்டிவிட்டுட்டா அவங்க எதைப் பார்த்து எழுதுவாங்க? உங்க ஒருத்தர் இரக்கத்துக்காக எட்டுப் பேர் மார்க் போகலாமா?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மூடியை மூடினேன். அவள் பழைய காலணிக்குள் மறுபடி விரல்களை மடக்கி மடக்கி நுழைத்தாள். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புதியதைக் கடையில் திரும்ப வைக்கவும் மனசு வரவில்லை. அன்றிலிருந்து அது என் பையிலேயே இருந்தது. ஒவ்வொரு திங்களும் வியாழனும் அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன், தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

கண்டக்டருக்கும் தண்டனை கிடைத்தது. அவர் பாப்பாவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டார். அவள் அதை எத்தனை வேகத்தில் தின்றாள் என்று பார்த்தவர்களுக்கு ஏழாம் அறிகுறி நன்றாகப் புரிந்தது. ஆனால் அடுத்து வந்தவருக்கு அரை மணி நேரம் அந்த அறிகுறி தென்படவில்லை. கண்டக்டருக்கு ஐந்து மார்க் குறைத்தார்கள்.

"முப்பது வருஷம் பஸ்ல நின்னேன்மா, யாரும் என்னை இப்படிக் கேட்டதில்ல," என்றார் என்னிடம். அதன்பிறகு வகுப்பு தொடங்கும் முன் ஒன்றோ இரண்டோ பிஸ்கட்டை யாருக்கும் தெரியாமல் பெஞ்சில் வைத்துவிடுவார். நான் பார்த்தேன். அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்த முழுக் கதையில் என் பக்கத்தில் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

மாதிரி எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதுதான் வகுப்பில் ஓயாத பேச்சு. மேல்கையில் நான்கு விரல் அளவில் ஒரு கன்றிய தடம். முதல் வாரம் நீலம், அடுத்த வாரம் பச்சை, அப்புறம் மஞ்சள். "ஒப்பனைக்காரன் யாரோ கெட்டிக்காரன்," என்றார்கள். ஒன்பதாம் வகுப்பில் என் தலைமுடியை ஒதுக்கக் கை உயர்த்தினேன். அவள் சட்டென்று தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கண்களை மூடினாள். 'நான்காம் அறிகுறி. எதிர்வினை மிக இயல்பு' என்று எழுதியிருக்கிறேன். இன்னொரு வரியும் இருக்கிறது: 'எட்டு மணிக்கு அழைத்துப் போக வருபவரின் வண்டிச் சத்தம் நமக்குக் கேட்கும் முன்பே எழுந்து நிற்கிறது. ஒத்திகை நன்று.'

அழைத்துப் போக வருபவர் படிய வாரிய தலையோடு மரியாதையாகப் பேசுவார். மாதிரியைக் கொண்டுவந்து கொண்டுபோகும் ஊழியர் என்று நாங்கள் நினைத்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் பாதிப் பருவ விழா நடந்தபோது மையத்தின் பொறுப்பாளர் அம்மா அவரையும் மேடைக்கு அழைத்தார்.

பொறுப்பாளர் அம்மாவின் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்திருக்கிறேன். "இந்த மையம் தொடங்கி ஆறு வருஷம் ஆச்சு. நாலாயிரம் பேருக்குக் குழந்தைக் கொடுமையை அடையாளம் காணக் கத்துக்கொடுத்திருக்கோம். அந்த நாலாயிரம் பேர்கிட்டேயிருந்து இதுவரைக்கும் ஒரே ஒரு புகார்கூட வரலை! எங்க பணிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா? கொடுமையே இல்லாத ஒரு சமூகத்தை நாம உருவாக்கிட்டோம்னுதான் இதுக்கு அர்த்தம்." கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

பிறகு, குழந்தை விஷயத்தில் தொடர்ந்து காட்டிவரும் அக்கறைக்காக அந்த மனிதருக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார். அவர் ஒரு நிமிடம் திகைத்துப்போய் நின்றார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் எட்டு மணிக்கு வருவது எட்டரையானது. "இத்தனை பேர் பார்த்துக்கறீங்க, அப்புறம் எனக்கென்ன கவலை?" என்று சிரித்தார்.

பதினான்காம் வகுப்பில் மஞ்சளாகிப்போன தடத்துக்கு மேல் புதிதாக ஒரு நீலம். 'பாடத்திட்டம் முன்னேறுகிறது.' என் கையெழுத்துத்தான்.

பதினாறாம் வகுப்பைப் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அன்று அவள் தாழ்வாரக் குழாயில் தண்ணீர் குடித்தாள். குழாய் உயரம், எக்கிக் குடிக்கும்போது தண்ணீர் கையெல்லாம் வழிந்து சட்டைக் கையும் நனைந்தது. ஈரத் துணியை அவளே தோள்வரை தூக்கிவிட்டுக்கொண்டு, மற்ற கையால் அழுத்தித் துடைத்தாள். நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். நீலம் போகவில்லை. துளிகூடக் கலையவில்லை. துடைத்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நோட்டில் இருப்பது இது: 'தண்ணீரில் கரையாத சாயம்.'

அந்த வரியில் 'தண்ணீரில்' என்பதற்கும் 'கரையாத' என்பதற்கும் நடுவே மையில் ஒரு புள்ளி இருக்கிறது. பேனா அங்கே நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதும் நான் அதை எழுதவில்லை.

இருபத்திரண்டாம் வகுப்பில் மாதிரி வந்து சேர்ந்தது.

ஆறு மணிக்கு இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்கள். மேலே தலைமை அலுவலகத்தின் முத்திரை. உள்ளே ஏழு வயதுக் குழந்தையின் உயரத்தில் ஒரு ரப்பர் பொம்மை. மூன்று நிறங்களில் ஒட்டி எடுக்கும் காயத் தடங்கள் தனிப் பையில் இருந்தன. ஒரு கையேடும் இருந்தது: 'மாதிரி ஒன்று. அறிகுறிகள் பதின்மூன்று. வெயிலில் வைக்கக் கூடாது.'

கதவு திறந்திருந்தது. எல்லோரும் பெஞ்சைப் பார்த்தோம். பெஞ்சிலிருந்து அவள் எங்களைப் பார்த்தாள்.

"அப்ப இது யாரு?" என்றார் கண்டக்டர்.

பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். "நான் சாரோட சொந்தக்காரப் பொண்ணுன்னு நெனச்சேனே," என்றார் அவர். கீழேயிருந்து காவலாளி வந்தார். "இந்த ஸ்கூல்ல ரெண்டாங் கிளாஸ் படிக்கற பொண்ணும்மா. அம்மா வேற ஊர்ல வேலை. சித்தப்பா வீட்ல இருக்கு, ராத்திரி வண்டியில வந்து கூட்டிட்டுப் போறாரே, அவருதான். மூணரைக்கு ஸ்கூல் விட்டா கூட்டிட்டுப் போக ஆள் வராது. மாடியில இத்தனை பேர் படிக்கிறீங்க, அதுவும் குழந்தையைக் காப்பாத்துற படிப்பு. பாத்துப்பீங்கன்னு நான்தான் மேல போயி உட்காரச் சொன்னேன்."

வகுப்பில் முதலில் எழுந்த குரல் முன் வரிசையிலிருந்து வந்தது. "அப்ப எங்க நாப்பது மார்க்?"

அந்தக் குரலைக் கேட்டு எனக்கு அருவருப்பாக இருந்தது என்று எழுத ஆசை. ஆனால் அவர் கேட்பதற்கு முந்தின கணம் என் மனசில் ஓடியதும் அதேதான். நாற்பதுக்கு முப்பத்தொன்பது வாங்கியிருந்தேன்.

"குறிப்பெல்லாம் செல்லாது," என்று பொறுப்பாளர் அம்மா கையேட்டைப் புரட்டியபடி சொன்னார். "அங்கீகரிச்ச மாதிரியில எழுதினாத்தான் கணக்கு."

அறிகுறி சார் பெஞ்சையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிபார்த்தா இதுலயும் பதினொண்ணு இருக்கு மேடம்," என்றார் மெல்ல. "ரெண்டுதான் குறையுது."

"சார்," என்று எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "பதினொண்ணு இருக்குன்னா, அப்ப இந்தப் பொண்ணுக்கு... நாம யார்கிட்டயாவது சொல்லணும் இல்லையா?"

"சொல்லணும். யார் இல்லைன்னாங்க?" என்றார் பொறுப்பாளர் அம்மா. "ஆனா யார் சொல்றது? சான்றிதழ் வாங்கினவங்கதான் முறைப்படி சொல்ல முடியும். உங்களுக்கு இன்னும் செயல்முறைத் தேர்வே ஆகலை. அவசரப்பட்டு ஒண்ணு சொல்லி, அது தப்பாப் போனா அந்தக் குடும்பம் என்ன ஆகும்? போன மாசம்தான் அவருக்கு நாமே பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்கோம். அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? தேர்வு முடியட்டும். ஒரு குழு போடுவோம்."

"குழுன்னா அதுல நானும் இருப்பேன்," என்றார் அறிகுறி சார். "இந்தக் குழந்தையைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

பிறகு பாடம் தொடர்ந்தது. பொம்மையை மேசைமேல் நிறுத்தினார்கள். எல்லோரும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்கள். தாழ்வாரத்திலிருந்து பேச்சுச் சத்தம் வகுப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். கதவின் பின்னால் சுவரில் ஒரு சுவரொட்டி. கதவு எப்போதும் திறந்தே இருந்ததால் பதினோரு வாரமாக அது கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்திருக்கிறது. ஒரு குழந்தையின் படம். கீழே பெரிய எழுத்தில் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எண்ணை ஒரு தடவைதான் பார்த்தேன். இரண்டாம் தடவை சரிபார்க்கவில்லை. மணி ஆறு ஐம்பது.

மறுமுனையில் ஒரு பெண் குரல். நான் முதலில் சொன்னது, "எனக்குச் சான்றிதழ் இல்லீங்க."

"எதுக்குச் சான்றிதழ்? பொண்ணு இப்ப எங்கம்மா இருக்கா?"

"பெஞ்சுல. நான் சொல்றது தப்பாக்கூட இருக்கலாம். எனக்கு உறுதியாத் தெரியாது."

"உறுதியாத் தெரிஞ்சுக்கறது எங்க வேலைம்மா. சந்தேகம் வந்தா யாரு வேணா சொல்லலாம். நீங்க அவ பக்கத்துலயே இருங்க. யாரு வந்தாலும் தனியா விடாதீங்க. ஆள் கிளம்பியாச்சு."

இவ்வளவுதான். மூன்று நிமிடம் பதினைந்து விநாடி, தொலைபேசியில் பதிவாகியிருக்கிறது.

முதல் தடவையாக, அவளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், நோட்டு இல்லை. அவள் முகத்தில் ஒரு மாற்றம். பதினோரு வாரமாகக் கவனித்ததில் நான் எழுதாத ஒன்று.

"எழுதி முடிச்சாச்சா அக்கா?"

"முடிச்சாச்சு."

"எல்லாரும் எழுதிட்டாங்களா?"

"ஏன்மா கேக்கற?"

"வாட்ச்மேன் தாத்தா சொன்னாங்க. இவங்கல்லாம் உன்னைப் பத்தித்தான் எழுதறாங்க, எழுதி முடிச்சதும் உனக்கு எல்லாம் சரியாயிடும்னு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நெறைய எழுத வேண்டியிருந்துச்சு இல்ல?"

கதவு திறந்தது. கண்டக்டர் வெளியே வந்து அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். முழு பாக்கெட்டையும் பிரித்து அவள் மடியில் வைத்தார். "இதுக்கு எவ்வளவு குறைப்பாங்களோ குறைக்கட்டும்," என்றார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஏழரைக்கு ஒரு பெண் வந்தார். நெற்றியில் தலைக்கவசம் அழுத்திய தடம். களப்பணியாளர் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார். தலைக்கவசத்தைத் தரையில் வைத்து, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து அவளிடம் பேசினார். முதல் கேள்வி, "உன் பேர் என்னம்மா?"

சொன்னாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இருபத்திரண்டு நோட்டுகளில் அவளைப் பற்றி எழுதியாகிவிட்டது, போதும்.

சத்தம் கேட்டு அறிகுறி சார் வெளியே வந்தார். "நீங்க பாட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனா எப்படி? மையத்தோட பொறுப்புல இருக்கற குழந்தை. ரெண்டு பிரதியில கையெழுத்துப் போட்டுட்டுத்தான்..."

களப்பணியாளர் திரும்பிப் பார்த்தார். "உங்க பொறுப்புலதான் இருந்தாளா சார்? எழுதித் தர்றீங்களா?"

அறிகுறி சார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எட்டரைக்குக் கீழே வண்டி வரும்போது இரண்டு காவலர்கள் வாசலில் நிற்பார்கள் என்றார் களப்பணியாளர். குழந்தையை முதலில் டாக்டரிடம் காட்டுவார்கள். அம்மாவுக்குத் தகவல் போய்விட்டது, காலையில் வந்துவிடுவார், அதுவரை காப்பகம். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க இதையெல்லாம் முதல்ல கவனிச்சது எப்போ?"

இந்தக் கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்ல முடியாதாம். போன வாரம், போன மாசம் என்பார்களாம். நான் நோட்டை எடுத்து இரண்டாம் வகுப்புப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். தேதி, கிழமை, மணி ஆறு பத்து. அவர் நின்றபடியே படித்தார். பக்கங்களைத் திருப்பினார். நிறங்கள், தேதிகள், மில்லிமீட்டர்கள். குழாயடியைப் பற்றிய வரியில் கொஞ்சம் நின்றார். கடைசிவரை படித்துவிட்டு மெல்ல மூடினார்.

"இதை நான் எடுத்துக்கறேன். படியெடுத்துட்டுத் திருப்பித் தரேன்," என்றார். "வழக்குக்கு ரொம்ப உதவும். இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொடுத்ததில்ல."

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தபோது, என் பையிலிருந்த பெட்டியின் நினைவு வந்தது. தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். இந்தத் தடவை அவள் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. பிறகுதான் பழையதைக் கழற்றினாள். நானே மாட்டிவிட்டேன். பட்டையை இழுத்துப் போட்டுவிட்டு, கடையில் செய்வதைப் போல, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நான் விட்டிருந்த இடம் அப்படியே இல்லை. கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டாம் தடவை அழுத்தினேன். கால் மூன்று மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும்.

"பொருந்துதா அக்கா?" என்று கேட்டாள்.

"பொருந்துது," என்றேன். "இப்போதைக்கு."